கையெழுத்துப் போட்ட மாத்திரை டப்பா

மதிப்பிற்குரிய டாக்டர் மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே என் இரண்டு கால்களைத் தவிர மற்ற எல்லோரும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். மாத்திரை எழுதிக் கொடுக்கிறவர்களுக்கு என்ன குறை!

கோபிக்க வேண்டாம். கொழுப்பைக் குறைக்க நீங்கள் கொடுத்த மாத்திரையை நிறுத்த அனுமதி கேட்டுத்தான் இந்தக் கடிதம். தொடை வலிக்கிறது, கெண்டைக்கால் இழுக்கிறது, மாடிப்படியைப் பார்த்தாலே அழுகை வருகிறது. இதெல்லாம் வருமென்று ஒருவர் வீடியோவில் முன்கூட்டியே சொன்னார். சொன்ன வரிசை மாறாமல் வந்தது. நூறு பேர் விழுங்கினால் ஓரிருவருக்குத்தான் பலனாம், ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பதே மருந்துக் கம்பெனியாம். வேலையில் இருந்த காலமெல்லாம் கடை கடையாகப் போய்த் தராசு சோதித்தவன் நான். வியாபாரியே எடைக்கல்லையும் கொண்டுவந்தால் சும்மா விடுவேனா? "அதைச் சரிபார்க்கவும் ஆள் இருக்காங்க மாமா"ன்னு போன தடவை சாப்பிடறப்போ நீங்க சொன்னீங்க. அந்த ஆளைச் சரிபார்க்கறது யாருன்னு நான் கேட்டேன். நீங்க சாப்பாட்டுத் தட்டோட எழுந்து உள்ளே போயிட்டீங்க.

உங்கள் அத்தையைப் பாருங்கள். சத்து மாத்திரை ஒன்றுதான் போடுகிறாள். ஈரத்துணி வாளியோடு மூன்று மாடி ஏறுகிறாள். நான் முதல் மாடியிலேயே கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். "வீடியோ பாக்கறதை நிறுத்துங்க, கால் தானா சரியாயிடும்"னு எனக்கே வைத்தியம் சொல்றா. மாத்திரை மாறிவிடக் கூடாதென்று இரண்டு டப்பாவிலும் நானே பெயர் ஒட்டி, கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறேன். அவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்டும் இந்தக் கதி.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த என் அண்ணன் அப்புறம் எழுந்திருக்கவேயில்லை. மாத்திரை போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம். நம்பிக்கையா ஒரு வார்த்தை சொல்லுங்க மாப்பிள்ளை.

மகளுக்கு ஆசிகள். உங்களுக்கு ஆசிகளோடு, அன்று பேசியதற்குக் கொஞ்சம் மன்னிப்பும் கேட்டு,

தபால் பெட்டி வரை நொண்டப் போகும்
மாமனார்.

பி.கு.: மாத்திரையின் பெயரைச் சரியாக எழுதலாமென்று என் டப்பாவைத் திறந்து அட்டையைப் படித்தேன். உள்ளே இருப்பது உங்கள் அத்தையின் சத்து மாத்திரை. என்னுடையது அவள் டப்பாவில். பெயரை நான்தான் மாற்றி ஒட்டியிருக்கிறேன். "நீயாவது ஒரு தடவை பாத்திருக்கக் கூடாதா?" என்றேன். "நீங்க கையெழுத்துப் போட்டதை நான் எதுக்குச் சோதிக்கணும்?" என்கிறாள். முதலில் அவளை ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள். எனக்கு மாத்திரையை நிறுத்த அனுமதி வேண்டாம், ஆரம்பிக்கத்தான் வேண்டும். கால்வலி இப்போ இல்லை. அதை மட்டும் அத்தைகிட்ட சொல்லிடாதீங்க, வாளியை என் கையில கொடுத்துடுவா.