தலைவருக்கு விழுந்த பெருக்கல் குறிகள்

பெருமதிப்புக்கும் பெருந்தொப்பைக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

ஆழ்ந்த வருத்தத்துடன் தங்களுக்கு அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டு வாசல் மணி இன்று காலை ஏழு நாற்பதுக்குக் காலமானது. வயது மூன்று. நோய்நொடி எதுவும் இல்லை. மரணத்துக்கு முழுக் காரணம் உங்கள் தங்கை. நேற்று மாலை அவள் ஆசிரியர் சங்கத்தின் தலைவி ஆகிவிட்டாள். வாழ்த்த வந்த டீச்சர்கள் பீரியட் பெல் அடிப்பதுபோல அழுத்தி அழுத்தியே அதைக் கொன்றுவிட்டார்கள். மணியைத் தவிர இங்கே அனைவரும் நலம். நீங்களும் அத்தையும் நலம் என்று நானே முடிவு செய்துகொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் நிரந்தரம். பத்தொன்பது வருடமாக அவர்தான். தேர்தல் நடக்காமல் இல்லை, வருடாவருடம் நடக்கும்: மேடையில் நின்று, "நான் வேண்டாம்ங்கறவங்க கை தூக்கலாம்" என்பார், பக்கத்தில் கணக்கு மாஸ்டர் பெயர் குறித்துக்கொள்ள நோட்டும் பேனாவுமாக நிற்பார், மூக்கைச் சொறியக்கூட ஒரு கை எழாது. போன வருடம் தையல் டீச்சரை, ஏழு மாத வயிற்றோடு, மூன்று பஸ் மாறிப் போகவேண்டிய பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். சங்கத்துக்கு ஓடினார். "வருத்தம் தெரிவிச்சு ஒரு தீர்மானம் போட்டுடலாம்மா" என்றார் நிரந்தரம். போட்டார். தீர்மானம் ஃபைலில் உட்கார்ந்தது, தையல் டீச்சர் பஸ்ஸில் நின்றார். அன்றைக்குத்தான் அம்மா திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடிவைத்து, "இனிமே இவர்கிட்ட எதையும் கேக்கறதா இல்ல, அந்த நாற்காலியத்தான் கேக்கப்போறேன்" என்றாள். ரகசிய வாக்கெடுப்பு வேண்டும், ஒருவரே இரண்டு வருடத்துக்கு மேல் தலைவராக இருக்கக்கூடாது என்று வீடுவீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினாள். சங்கத்துக்கு முதல்முறையாக வாக்குச்சீட்டும் பெட்டியும் திரையும் வந்தன, மாமா!

நேற்று எங்கள் பள்ளி அரங்கில் தேர்தல். ஜன்னலுக்கு வெளியே பெஞ்சுமேல் நின்று நான் சர்வதேசப் பார்வையாளராகப் பணியாற்றினேன். நூற்று இருபத்தொன்பது வாக்குகள். தேர்தல் அதிகாரியான ஓவிய மாஸ்டர் முதல் சீட்டைப் பிரித்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். சீட்டின் தலையில் 'விரும்பும் பெயருக்கு எதிரே × குறி இடவும்' என்று அச்சாகியிருந்ததை ஒருவரும் படிக்கவில்லை. "கேள்விய ஒழுங்காப் படி" என்று தினமும் எங்கள் காதைத் திருகுகிறவர்கள்! வேண்டியவருக்குச் சரி, வேண்டாதவருக்குப் பெருக்கல் என்று விடைத்தாளாகவே திருத்தித் தந்திருந்தார்கள். சிலர் கீழே கையெழுத்தும் தேதியும் வேறு. ரகசிய வாக்கெடுப்பில்! நிரந்தரத்தின் பெயருக்கு எதிரே தொண்ணூற்றொரு பெருக்கல்.

அவர் எழுந்தார். "சீட்டுல என்ன போட்டிருக்கு? பெருக்கல்தான் ஓட்டு. தொண்ணூத்தி ஒண்ணு. எல்லாருக்கும் ரொம்ப நன்றி."

அம்மா முகம் வெளுத்துப்போய், ஆனாலும் எழுந்து, "சார், உங்க வகுப்புல ஒருத்தன் தொண்ணூத்தி ஒரு பெருக்கல் வாங்கினா, அவனுக்கு முதல் ரேங்க்கா குடுப்பீங்க?" என்றாள்.

அரங்கமே சிரித்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "அப்படியா டீச்சர்? அப்ப சீட்டே வேண்டாம். நான் வேண்டாம்ங்கறவங்க, என் மூஞ்சியப் பாத்துக் கை தூக்குங்க, பாப்போம்!"

முதலில் எழுந்தது தையல் டீச்சர் கை. இன்னொரு கையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "எழுதிக்கோங்க சார், இனிஷியலோட எழுதிக்கோங்க" என்றார் கணக்கு மாஸ்டரிடம். அப்புறம் வரிசை வரிசையாகக் கைகள். கடைசியில், நிரந்தரத்தின் வலதுகை என்று பேரெடுத்த கணக்கு மாஸ்டரே நோட்டை மூடிவிட்டுத் தம் வலதுகையைத் தூக்கினார். நூற்றுப் பதினேழு! எத்தனையோ தடவை என்னைப் பெஞ்சுமேல் ஏற்றியிருக்கிறார்கள்; நேற்று நின்ற உயரத்துக்கு என்றைக்கும் நின்றதில்லை.

இதில் என் பங்கையும் தன்னடக்கத்தோடு சொல்லிவிடுகிறேன். அந்தப் பெருக்கல் வரி நிரந்தரம் செய்த சதி என்று கண்டுபிடித்து, இன்று காலை இடைவேளைக்குள் பள்ளி முழுக்கப் பரப்பியது நான்தான். அதை விசாரிக்கக் குழு அமைத்துத்தான் அம்மா தலைவியாக முதல் கையெழுத்தே போட்டிருக்கிறாள்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ரத்த அழுத்தம் என்றும் குறைந்தே இருக்க வாழ்த்தும்,

தலைவியின் தவப்புதல்வி

பின்குறிப்பு: மாமா, இதை உட்கார்ந்து படியுங்கள். ஓவிய மாஸ்டருக்குத் தட்டச்சு வராது. சீட்டை அடித்துத் தரச்சொல்லி என்னிடம்தான் கொடுத்தார். சரி குறியைத் தம் கையாலேயே அழகாக வரைந்திருந்தார். கணினியில் அது எந்த மூலையில் இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. பெருக்கல் உடனே அகப்பட்டது. குறி குறிதானே என்று போட்டுவிட்டேன். நிரந்தரம் ஆயிரம் செய்திருப்பார், இதில் மட்டும் அவர் பச்சைக் குழந்தை. வரும் சனிக்கிழமை விசாரணை. கண்டுபிடித்தவள் என்ற முறையில் முதல் சாட்சி நானாம். உண்மையைச் சொல்லிவிடுவது என்று வாய் ஒத்துக்கொண்டுவிட்டது, கால்தான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமையே வந்துவிடுங்கள், ப்ளீஸ். தங்கையை வாழ்த்த வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.