ஆறு மணிக்கு வரும் சீட்டு

மனிதகுலம் வரிசையில் நின்று படும் துன்பத்தை ஒழிக்கும் பொறுப்பை 2003-ஆம் ஆண்டில் திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் கிடங்கு ஏற்றுக்கொண்டது. லாரிகளின் வரிசையை ஒழிப்பதற்காக அது கம்ப்யூட்டருக்குள் இன்னொரு வரிசையை உண்டாக்கியது.

அந்தப் புனிதப் பணி வியாசர்பாடி சங்கமித்ராவின் தலையில் விழுந்தது. அலுவலகத்தில் ஒரு லாரிக்கு அனுமதி கொடுத்தால், அந்தச் செய்தி அப்ளிகேஷன் சர்வரில் போய் வரிசையில் நிற்கும். அவள் எழுதிய ஜாவா புரோகிராம், கேட்டில் இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து சர்வரோடு இணைந்து, செய்தியை எடுத்துச் சீட்டாக அச்சடிக்கும். சீட்டைப் பார்த்தால்தான் வாட்ச்மேன் வேலப்பன் வழி விடுவார்.

இணைப்பு கிடைக்க ஒன்பது நாள் ஆனது. சர்வர் முகவரி சரி என்றால் போர்ட் எண் தவறு. போர்ட் சரி என்றால் வரிசையின் பெயர் தவறு. பெயரும் சரியானபோது பாஸ்வேர்டு தெரிந்த ஒரே மனிதர் திருப்பதி போயிருந்தார். பத்தாம் நாள் முதல் சீட்டு வந்தது. அனைவருக்கும் கேசரி வழங்கப்பட்டது.

கேசரி தீர்வதற்குள் மேலாளர் ரகுபதிக்கு ஓர் 'உலகத்தர' யோசனை தோன்றியது.

"அதே புரோகிராமை என் ரூம்லயும் போடும்மா. நிர்வாகம் எல்லாத்தையும் நேரடியா பார்க்கணும்."

"சார், ஒரு செய்தியை ஒருத்தர்தான் எடுக்க முடியும். நீங்க எடுத்துட்டா கேட்டுக்கு வராது."

"நான் எங்கம்மா எடுக்கறேன்? சும்மா பார்க்கத்தானே போறேன்!"

போடப்பட்டது. சர்வர் நீதிமான். ஒன்று வேலப்பனுக்கு, ஒன்று மேலாளருக்கு என்று பாரபட்சமின்றிப் பகிர்ந்தது. 'பெற்றுக்கொண்டேன்' என்ற பொத்தானை அழுத்தினால் திரையிலிருந்து செய்தி மறைந்துவிடும் என்பதால் ரகுபதி அதை அழுத்தவே இல்லை. திரை நிறைய அனுமதிகள். வெளியே சாலை நிறைய லாரிகள். மாலை ஆறு மணிக்கு அவர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பியதும், யாரும் பெற்றுக்கொள்ளாத செய்திகள் வரிசைக்குத் திரும்பி, கேட்டில் மளமளவென்று அச்சாகும்.

இதை ஆராய்ந்த மூவர் குழு, 'பகல் வெயிலில் பிரிண்டர் சோர்ந்துவிடுகிறது' என்று கண்டறிந்து, அதற்கு ஒரு மின்விசிறியைப் பரிந்துரைத்தது. உண்மையான காரணத்தை எழுதிக் கொடுத்த சங்கமித்ராவுக்கு, 'எதிர்மறை மனோபாவம்' என்று ஒரு மெமோ கிடைத்தது.

மேலாளர் அறையில் புரோகிராம் போட்ட ஐந்தாம் நாள், கிடங்கின் முதலாளியே திரையைத் தரிசிக்க வந்தார். ரகுபதி விளக்கிக்கொண்டிருந்தபோது, கல்மண்டபத்து டிரைவர் பிலால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான்.

"சார், எறா லோடு சார்! நாலு மணிக்கு ஹார்பர் கேட்ட சாத்திருவான். இந்த வாரம் ரெண்டு கப்பல வுட்டாச்சு. இதுவும் போச்சுன்னா லாரி ஓனரு சாவியப் புடுங்கிக்கினு என்னை வூட்டுக்கு அனுப்பிருவாரு!"

"ஒழுங்கீனம்," என்று முதலாளியிடம் வருத்தப்பட்ட ரகுபதி, திரையைக் காட்டினார். "நம்ம பக்கம் தாமதமே இல்லை சார். இதோ, 4417, ஒரு மணி பத்துக்கே அனுமதி வந்தாச்சு."

"சார், அது என் வண்டி சார்!"

"அப்புறம் என்ன? வாழ்த்துகள்."

"வந்தது உன் டிவில. வண்டி நிக்கிறது கேட்டுல. கொயாய்ல நீ புடிச்ச தண்ணி என் கொடத்துல எப்டி சார் ரொம்பும்?"

"ஆறு மணிக்கு ரொம்பும். குழுவே சொல்லியிருக்கு."

திரையைச் சரிபார்க்க அழைக்கப்பட்டு அங்கே நின்றிருந்த சங்கமித்ரா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு ஐம்பது. ஒரு மெமோ ஏற்கெனவே இருந்தது. துணைக்கு இன்னொன்று வந்தால் வரட்டும் என்று மேஜைக்கடியில் குனிந்து மேலாளர் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள்.

திரை இருண்டது. ஜன்னலுக்கு வெளியே, கேட்டில் பிரிண்டர் கரகரத்தது. சீட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. "4417! வா நைனா, வா!" என்று வேலப்பன் கத்தினார்.

முதலாளி நீண்ட யோசனைக்குப் பிறகு கேட்டார்: "ஆக, கோளாறு கேட்டில்தான் இருந்திருக்கிறது?"

ஓடிக்கொண்டிருந்த பிலால் வாசலில் திரும்பினான்.

"கேட்டுல இன்னா சார் கோளாறு? அஞ்சு நாளா நாங்க அங்க பூட்டத் தேடிக்கினு இருந்தோம். அது இங்க சேர் போட்டு குந்திக்கினு கீது."