உங்களுக்கு மட்டும் சொல்றேன்

வீட்டில் இடமில்லாத சாமான்களை வைக்க அறை வாடகைக்கு விடும் நிறுவனம் ஒன்றில், தொலைபேசியில் பதில் சொல்வதற்கு ஐந்து பேர் இருந்தார்கள். அதில் மூத்தவர் ஒரு பெண்மணி, பொறுமைசாலி. அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் மேலாளர் கைப்பட எழுதிய விதி ஒன்று இருந்தது: ‘கட்டணம் என்ற சொல்லை எக்காரணம் கொண்டும் உச்சரிக்கலாகாது. வசதி எனக் கூறவும்.’

ஒரு திங்கட்கிழமை, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் அழைத்தார். வெள்ளிக்கிழமைக்குள் அவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகள் வீட்டில் அவருக்கு இடம் இருந்தது. அவருடைய புத்தகங்களுக்கு இல்லை.

“வாடகை விளம்பரத்துல போட்டதுதானே?”

“அதேதான் சார். அதோட பூட்டு வசதி.”

“பூட்டு என்கிட்டயே இருக்கும்மா.”

“உங்க பூட்டுக்குக் காப்பீடு கிடையாது சார்.”

“காப்பீடு வேண்டாம்.”

“காப்பீடு இல்லாத கதவைத் திறக்கணும்னா, திறப்பு வசதி தனி.”

“மூடுறதுக்கு?”

“மூடுறது இலவசம் சார்,” என்றார் பெண்மணி. நிறுவனத்தில் பெருமையோடு சொல்ல இருந்தது அது ஒன்றுதான்.

“முப்பத்தஞ்சு வருஷம் கூட்டல் சொல்லிக் கொடுத்தவன்மா நான். நாலு இடத்துல கேட்டுட்டேன், மொத்தம் எவ்வளவுன்னு ஒருத்தர் வாயிலேர்ந்தும் வரல. வெள்ளிக்கிழமை புத்தகமெல்லாம் தெருவுல நிக்கும்.”

அந்தக் குரல் பெண்மணியை என்னவோ செய்தது. மேலாளரின் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டார்.

“உங்களுக்கு மட்டும் சொல்றேன் சார். எல்லாம் சேர்த்தா, விளம்பரத்துல போட்டதைப் போல ரெண்டு மடங்கு.”

வாத்தியார் நன்றி சொல்லி, அப்போதே அறையைப் பதிவு செய்தார்.

அழைப்புகள் அனைத்தும் ஒலிப்பதிவாகும் என்பது பிறகுதான் பெண்மணிக்கு நினைவு வந்தது. புதன்கிழமை மேலாளர் கூப்பிட்டபோது, சாப்பாட்டு டப்பாவையும் பிள்ளைகள் படத்தையும் பையில் எடுத்துவைத்துவிட்டே போனார்.

மேலாளர் பதிவை மூன்று முறை கேட்டார்.

“ரெண்டு மடங்குன்னு சொல்லியும் அவர் போனை வைக்கலியா?”

“இல்ல சார்.”

“நன்றி வேற சொல்லியிருக்கார்.”

“ஆமா சார்.”

“உண்மைக்கு இவ்வளவு கிராக்கின்னு என்கிட்ட யாருமே சொல்லலியே,” என்றார் மேலாளர் வருத்தத்தோடு.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. ‘இன்று முதல் வாடிக்கையாளர் அனைவருக்கும் உண்மை ரகசியமாகத் தெரிவிக்கப்படும். தெரிவிப்போர் குரலைத் தாழ்த்துதல் கட்டாயம். இதற்கான ஒளிவுமறைவின்மை வசதி வாடகையுடன் சேர்க்கப்படும்.’ பெண்மணி குரல் தாழ்த்தும் பயிற்சியாளராகப் பதவி உயர்ந்தார். ஐந்து பேரும் வாயைப் பொத்திக்கொண்டு பேசியதைப் பார்த்தால், அலுவலகத்துக்கே ஒரே நாளில் பல்வலி வந்தது போலிருந்தது.

வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. ரகசியம் கேட்டவர்கள் எல்லோரும் நன்றி சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு துணிக்கடைக்கார அம்மா அழைத்தார்.

“உங்களுக்கு மட்டும் சொல்றேன் மேடம்...”

“இருங்க. இதைத்தானே என் நாத்தனாருக்கும் சொன்னீங்க?”

பயிற்சியாளருக்குப் பொய் வரவில்லை. “ஆமா மேடம்.”

“எதிர்வீட்டுக்காரருக்கும்?”

“ஆமா.”

“ஊருக்கே சொன்ன உண்மை எனக்கு எதுக்கும்மா? காசு கொஞ்சம் கூடுதலா ஆனாலும் பரவாயில்ல, எனக்குன்னு தனியா ஒண்ணு சொல்லுங்க.”

மாலைக்குள் மேலாளர் ‘தனி உண்மை வசதி’க்கு ஒரு விண்ணப்பப் படிவம் அச்சடித்துவிட்டார். முதல் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர் அந்த அம்மாவின் நாத்தனார்.