சூடு அளந்த புங்கமரம்

ஒரு காட்டுல, காடுன்னா போர்டுல மட்டும்தான் காடு, உள்ள பூரா பத்து மாடி, பன்னெண்டு மாடி. மரமெல்லாம் போயி தார் ரோடு வந்துச்சு, கொளமெல்லாம் போயி வண்டி நிறுத்தம் வந்துச்சு. காத்து வந்தாலும் கட்டடத்துல முட்டிக்கிட்டு அப்படியே திரும்பிப் போயிரும். சிங்க ராஜா குகையில ஏசி. உள்ள அவருக்குக் குளிரு, வெளிய அது ஊதுற அனலு நமக்கு.

அந்த ஊர்ல ஜல்லி சுமக்கிற கழுதை ஒண்ணு, பேரு சடையன். அவன் பொண்டாட்டி அங்கம்மா நேத்து மத்தியானம் ஜல்லி மூட்டையோட ரோட்டுல சுருண்டு விழுந்துட்டா. இன்னொரு தடவ விழுந்தா எந்திரிக்க மாட்டாளோன்னு சடையனுக்குப் பயம்.

சட்டம் என்னன்னா, சூடு நாப்பது டிகிரியத் தாண்டுனா மத்தியானம் யாருக்கும் வேலை கெடையாது. அளக்கறது ஆமை. ஊர்லயே மிச்சம் இருந்த ஒரே புங்கமரத்துல தெர்மாமீட்டரக் கட்டித் தொங்கவிட்டு, அடியில படுத்துக்கிட்டு அளக்கும்.

சடையன் நொண்டிக்கிட்டே போனான். "ஐயா, குளம்பு வேகுது. இன்னைக்கு எத்தன டிகிரி?"

"முப்பத்தாறு. ஜிலுஜிலுன்னு இருக்கு, போய் வேலையப் பாரு."

"இது நெழலுங்கய்யா! ரோட்டுக்கு வந்து அளந்து பாருங்க."

"ரோட்டுக்கா? நான் வந்தா ஓட்டோட வெந்துருவேன்டா!"

"அதத்தானய்யா நானும் சொல்றேன்!"

"அப்ப மனுவா எழுதிக் குடு. மூணு காப்பி."

குடுத்தான். ஒரு மாசம் கழிச்சு விசாரிக்க அதிகாரி நரி வந்துச்சு. கறுப்புக் கண்ணாடி, தலைக்கு மேல குடை, குடை பிடிக்க ஒரு குரங்கு. ஊர் பூரா அளந்துச்சு. சந்தையில நாப்பத்தி நாலு. ரோட்டுல நாப்பத்தஞ்சு. மாடிக் கட்டடத்துக்கு நடுவுல நாப்பத்தாறு. மரத்தடியில மட்டும் முப்பத்தாறு.

சடையனுக்கு வாயெல்லாம் பல்லு. "பாத்தீங்களா சார்? இந்த மரத்துக்குக் கீழ மட்டும்தான் கொறச்சலு!"

நரி மரத்த மேலயும் கீழயும் பாத்துச்சு. "அப்படியா சங்கதி? ஊரே ஒரு கணக்கு சொல்லுது, இது மட்டும் வேற கணக்கு சொல்லுது. இத்தன நாளா அரசாங்கத்த ஏமாத்துனது இந்த மரம்தானா?"

"சார், நான் அப்படிச் சொல்லலயே..."

"நீதான கை காட்டுன? நல்ல குடிமகன்யா நீ!"

மறுநாளு மெஷின் வந்துச்சு. பத்து நிமிஷத்துல மரம் படுத்துருச்சு. அந்த எடத்துல சிமெண்ட ஊத்தி, நடுவுல கம்பி நட்டு, தெர்மாமீட்டர மாட்டுனாங்க. நாப்பத்தாறு! ஆமை சத்தமா அறிவிச்சிட்டு ஓட்டுக்குள்ள போனதுதான், அதுக்கப்புறம் தலைய நீட்டவே இல்ல.

சடையனுக்கு மால போட்டாங்க. லீவு உத்தரவு கைக்கு வந்துச்சு. வீட்டுக்கு ஓடுனான். தகரக் கூரைக்கடியில அங்கம்மா மூச்சு வாங்கிக்கிட்டுப் படுத்திருந்தா.

"இந்தா புள்ள, லீவு! மத்தியானம் பூரா ஓய்வுதான்!"

"எங்கய்யா போயி ஓய்வெடுக்க? லீவு வாங்குறேன்னு போயி, இருந்த ஒரு மரத்தையும் குடுத்துட்டு வந்திருக்க. பெரிய சாமர்த்தியந்தான்!"

திரும்ப ஓடுனான் நரிகிட்ட. "சார், லீவு கெடச்சிருச்சு. நிக்க நெழல்தான் இல்ல."

"ராஜா ஏற்கெனவே யோசிச்சிட்டாருப்பா. லீவுல இருக்கிற கழுதைங்களுக்காக நிழற்குடை கட்டுறோம். முழுக்க கான்கிரீட்டு!"

"கும்பிடுறேன் சார். யாரு சார் ஜல்லி சுமக்கறது?"

"நீங்கதான். மத்தியானம் சும்மாதான இருக்கீங்க? பொண்டாட்டியையும் கூட்டிட்டு வா."

நீதி: ஊர்ல எந்த எடம் நல்லாருக்குன்னு அதிகாரி காதுல மட்டும் போட்றாதீங்க. அதையும் சரி பண்ணிருவாங்க.