மைத்துனருக்கு ஏற்ற கோல்ஃப் மைதானங்கள்

அலபாமா மாநிலத்தின் டோதன் ஊரைச் சுற்றி இருநூறு மைலுக்குள் தன் மைத்துனன் ராய்ஸ் கோல்ஃப் மட்டையைத் தொடவே கூடாது என்று வெண்டெல் டட்டில் முடிவு கட்டினார். கட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சர்ச்சிலிருந்து வந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரத்தில். கோழி வறுவல் தொண்டையில் நின்றுவிட்டது. முடிவு மட்டும் நேராக இறங்கி நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

காரணம் இல்லாமல் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்பு வரை சனிக்கிழமை தவறாமல் ராய்ஸும் அவரும் யூஃபாலா ஏரிக்கு மீன் பிடிக்கப் போவார்கள். படகு ராய்ஸுடையது. படகு வந்தால் ராய்ஸ் வருவான். ராய்ஸ் வந்தால் அவன் வாயும் வரும். வெண்டெல் முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டிய அனுபவங்களைக் கோவையாகச் சொல்லிக்கொண்டு வருவார். அவன் நடுவில் புகுந்து, "அத்தான், மீன் கடிக்குது" என்பான். எப்படி இருக்கும்? அலபாமாவில் சொந்தக்காரனிடம் "கொஞ்சம் சும்மா இரு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட முடியாது. அது மரியாதை இல்லை. ஆகவே வெண்டெல், "டாக்டர் என்னை நடக்கச் சொல்லியிருக்கார், இனிமேல் கோல்ஃப்தான்" என்று அறிவித்தார். ராய்ஸுக்கு முழங்கால் வலி. பதினெட்டுக் குழியும் அவனால் நடக்க முடியாது. விட்டது தொல்லை.

ஆனால் கோல்ஃப் அவருக்கு வரவில்லை. மூன்றாவது வாரத்துக்குள் பன்னிரண்டு பந்துகள் ஏழாவது குழிப் பக்கத்துக் குளத்துக்குள் போய்விட்டன. பதிமூன்றாவதைத் தேடி வெண்டெல் குனிந்து பார்த்தபோது, தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கெளுத்தி நிமிர்ந்து பார்த்தது. அன்றிலிருந்து கோல்ஃப் பையில் தூண்டில்தான். பிடித்ததில் பாதி, மைதானத்தில் புல் வெட்டும் ஹாய்ட்டுக்கு. ஹாய்ட்டுக்குக் காது மந்தம். வெண்டெல் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கொண்டே இருப்பான். இந்தக் காலத்தில் அப்படி ஒரு துணை யாருக்குக் கிடைக்கும்?

அந்தச் சொர்க்கத்துக்குத்தான் இப்போது ஆபத்து. ராய்ஸ் தன் காலை நீட்டித் தட்டிக் காண்பித்தான்.

"ஆபரேஷன் பண்ணி வச்ச முழங்கால், அத்தான். நல்லா நடக்கச் சொல்லிட்டாங்க. அதான் வர்ற சனிக்கிழமை உங்ககூட கோல்ஃபுக்கு…"

"இங்கயா? நம்ம ஊரு மைதானத்துலயா? வேணாம்ப்பா. எல்லாம் மேடும் பள்ளமும். புது முழங்கால் தாங்குமா? எங்ககூட பஸ் ஓட்டின கிளைவ் அப்படித்தான், இடுப்பு ஆபரேஷன் பண்ணின மூணாம் மாசம்…"

"அத்தான், நான் என்ன சொல்றேன்னா…"

"நான் சொல்லி முடிச்சிடறேன், இரு. புது மூட்டுக்கு வடக்கத்தி மண்ணுதான் சரி. அங்க புல்லே வேற. காலை வச்சா மெத்தை."

வெண்டெலின் மனைவி லொரீன் அவர் டம்ளரில் ஐஸ் டீயை நிரப்பினாள்.

"அப்போ எந்தெந்த மைதானம் நல்லதுன்னு எழுதிக் குடுத்துடுங்களேன். ஆறு வருஷமா ஆடுறீங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை வெளியூர் ஆட்டம் வேற. நீங்க பாக்காத இடமா? குடுங்க, நான் டைப் அடிச்சுத் தர்றேன்."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று வெண்டெல் எதிர்பார்க்கவில்லை. அவள் மேல் பெரிய அன்பு வந்தது.

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். அலபாமா வரைபடத்தை விரித்துவைத்து, டோதனிலிருந்து எது அதிக தூரமோ அதற்கு அதிகப் புகழ் கொடுத்தார். ஹன்ட்ஸ்வில்லில் ஒன்று, ஸ்காட்ஸ்பரோவில் ஒன்று, ஃபோர்ட் பெய்னில் இரண்டு. பக்கத்து மாநிலமான டென்னசியின் எல்லையைத் தாண்டக் கூடாதே என்று ஃபிளாரன்ஸில் நிறுத்திக்கொண்டார். மொத்தம் பதினோரு மைதானம். எல்லாம் ஐந்தாறு மணி நேரக் கார்ப் பயணம். செவ்வாய்க்கிழமை காலையில் அதை லொரீனிடம் நீட்டினார். அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். சர்ச் செய்தித்தாளுக்குப் பதினைந்து வருஷமாகப் பிழை திருத்தும் கண்கள் அவை.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. 'ஹன்ட்ஸ்வில்: நாலாவது குழிக் குளத்தில் மேற்குக் கரை நல்ல நிழல்.'"

"அருமையான நிழல்."

"'ஃபோர்ட் பெய்ன்: பதினோராவது குழி. மதகுப் பக்கம் ஆள் உயர ஆழம். காலை எட்டு மணிக்குள் போய்விட வேண்டும்.' எட்டு மணிக்கு மேல குழியை மூடிடுவாங்களா?"

"வெயிலுக்குச் சொன்னேன்."

"'ஸ்காட்ஸ்பரோ: தண்ணீர் கலங்கல். மழைக்கு மறுநாள் மிகச் சிறப்பு.'" லொரீன் கண்ணாடியைக் கழற்றினாள். "கோல்ஃப் ஆடறவன் தண்ணியைப் பாத்தா ஓடுவான். மணலைத் திட்டுவான், காத்தைத் திட்டுவான். பதினோரு மைதானத்துல ஒண்ணுல கூட ஒரு பந்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே, வெண்டெல் ரே டட்டில்?"

அவள் முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். வெண்டெலுக்கு வேர்த்துவிட்டது.

"அது வந்து, லொரீன்…"

"ஆறு வருஷமா எனக்குத் தெரியும். கோல்ஃப் பையில கெளுத்தி வாடை அடிக்குது. சனிக்கிழமை ஆனா அந்தப் பை பக்கத்துல நம்ம பூனை வந்து உக்காந்துக்குது."

"ராய்ஸ்கிட்ட சொல்லிடாதே. அவனுக்குத் தெரிஞ்சா தூண்டிலோட வந்து நிப்பான். அப்புறம் என் சனிக்கிழமை அவ்வளவுதான். உன் தம்பிதான், நல்லவன்தான், ஆனா அந்த வாய்…"

"சொல்லலை. அவன் வெள்ளிக்கிழமை கிளம்பறான். மூணு வாரம். பதினோரு ஊருக்கும் ரூம் போட்டாச்சு. தனியாத்தான் போறான். திரும்பி வந்தாலும் இனிமே அவன் ஆடறது எல்லாம் வடக்கதானாம்."

வெண்டெலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியில் சாய்ந்து, மேலே பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். குளம் தப்பியது. ஹாய்ட் தப்பினான். முந்தாநாள் மிச்சமிருந்த பீச் பழ கேக்கில் பெரிய துண்டாக வெட்டி எடுத்துவந்து, இரண்டே வாயில் முடித்தார். இப்படி ஒரு பெண்டாட்டி கிடைக்க என்ன புண்ணியம் செய்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. அதை அவளிடமே சொல்லவும் செய்தார்.

அதற்குப் பிறகுதான் மெதுவாக ஒரு சந்தேகம் வந்தது.

"ஆமா, ரூம் எப்போ போட்டே? பட்டியலையே இப்பதானே குடுத்தேன்?"

"நேத்து நீங்க எழுதி முடிச்சுட்டுச் சவரம் பண்ணப் போனப்போ பாத்துட்டேன்." லொரீன் காகிதத்தைத் தட்டச்சு இயந்திரத்தில் செருகினாள். "பாவம், அவனுக்கு ரொம்ப நாளா கோல்ஃப் ஆசை. தனியாப் போறேன்னு சொன்னா நீங்களும் கூடக் கிளம்பிடுவீங்களோன்னு பயம். 'உங்ககூட வர்றேன்னு சொல்லிப் பாரு, அவரே உன்னை எட்டாத தூரத்துக்கு அனுப்பி வச்சிடுவாரு'ன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"நான் கூட வந்தா அவனுக்கு என்ன பயம்?"

லொரீன் கொஞ்சம் தயங்கினாள். அவளும் அந்த ஊர்க்காரிதான். முகத்துக்கு நேரே சொல்லிப் பழக்கமில்லை.

"நீங்க கோல்ஃபுக்குப் போறேன்னு சொன்ன அன்னைக்கு ராய்ஸ் இங்க வந்து சந்தோஷத்துல கண்ணீர் விட்டு அழுதான். 'அக்கா, படகுல இனிமே மீன் கடிக்கும்'னான். நீங்க மூச்சு வாங்கற நேரத்துலதான் அவனால வாயையே திறக்க முடிஞ்சுதாம்."

வெண்டெல் திகைத்துப்போனார். தான் எவ்வளவு அளந்து பேசுகிற மனுஷன் என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். பஸ் டிப்போவிலிருந்து நான்கு சாட்சிகளைப் பெயரோடு சொன்னார். அவர் சொல்லி முடித்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. எதிர் நாற்காலியில் பூனை மட்டும் இருந்தது, அதுவும் தூங்கிக்கொண்டிருந்தது.