தகரத்துக்கு அந்துருண்டை

இந்தப் பூமியில் தகரத்துக்கு அந்துருண்டை போட்ட மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஜவுளி ராவுத்தர். இல்லை, இன்னொருவரும் போட்டிருக்கிறார் என்று யாராவது சொல்வதாக இருந்தால் அந்த ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு வரட்டும், பார்க்கலாம்.

ஐம்பதுகளில் எலப்புள்ளிப் பக்கம் ஒரு கவுண்டரின் தகரப் பட்டறையில் நான் வேலை பார்த்தேன். டிரங்குப் பெட்டி, நெல் கொட்டி வைக்கிற டிரம், இடுக்கி மலையில் ஏலக்காய் காயவைக்கிற அறைகளுக்குப் புகைக்குழாய் என்று எப்போதும் டங்கு டங்கென்று சத்தம். தகரத்தின் மேல் ஆணியால் கோடு கிழித்துக் கொடுப்பது என் வேலை. அந்தக் கோட்டின் மேல் வெட்டுவது மயில்சாமியின் வேலை. வெட்டு கோணிப்போனால் அவன் என் கோட்டைக் குறை சொல்வான், நான் அவன் கையைக் குறை சொல்வேன். இதில் பாதி நாள் போய்விடும்.

மீதிப் பாதி நாள் ஷீட் எடுப்பதில் போய்விடும். எட்டடிக்கு நாலடி ஷீட்டெல்லாம் ஒரே குவியலாகத் தரையில் படுத்துக் கிடக்கும். நமக்கு எது வேண்டுமோ அது கண்டிப்பாக அடியில்தான் இருக்கும். மேலே இருக்கிற முப்பதையும் இறக்கி, அடியில் இருக்கிறதை உருவி, மறுபடி முப்பதையும் ஏற்றி வைப்பதற்குள் இடுப்பு கழன்றுவிடும். விரலில் வெட்டுப்படாமல் ஒருத்தனும் சாப்பிட உட்கார்ந்தது கிடையாது. போதாக்குறைக்கு மழைக்காலத்தில் ஷீட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் தண்ணீர் இறங்கி, வெள்ளை வெள்ளையாகத் துரு பூத்து, நல்ல சரக்கு பாழாய்ப் போகும்.

அந்தச் சமயத்தில்தான் கவுண்டர், தன் மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் பாலக்காட்டுக்குப் போனார். கடையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் சேலையைப் பிரித்துக் காட்டினார். கவுண்டர் வீட்டம்மாவுக்கு ஒரு சிவப்புச் சேலை பிடித்துப்போயிற்று. அந்த மனிதர் மெல்லக் குனிந்து, "இது வேண்டாமுங்கம்மா. ரெண்டு தண்ணியில சாயம் போயிருமுங்க" என்றாராம். கடை அவருடைய அண்ணனுடையது. அண்ணன் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். "இனிமே இந்தப் படி மிதிக்காதே" என்று தம்பியை அங்கேயே, அத்தனை பேர் முன்னிலையில், வெளியே அனுப்பிவிட்டார்.

கவுண்டருக்கு மனசு கேட்கவில்லை. சேலையோடு அந்த மனிதரையும், அதாவது நம் ராவுத்தரையும், பஸ் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"இனிமே நம்ம சரக்கையெல்லாம் இவரு பாத்துக்குவாருங்க" என்றார் எங்களிடம்.

"தகரத்தைப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்?" என்று மயில்சாமி வாய்விட்டே கேட்டான்.

"ஒண்ணுந் தெரியாதுங்க" என்றார் ராவுத்தர், ஏதோ பரீட்சையில் முதலாவதாக வந்தவர் போல.

தெரியாதுதான். ஆனால் சரக்கு அடுக்கத் தெரியும். வந்த ஒரு வாரத்தில் பனஞ்சட்டம் வாங்கி, ஜவுளிக்கடையில் பீஸ் துணியை நிறுத்தி வைப்பார்களே, அதேபோல ஷீட்டையெல்லாம் நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்டு அடித்தார். ஒவ்வொரு தடிமனுக்கும் ஒரு தடுப்பு. ஈரம் ஏறாமல் அடியில் பலகை. முன்பக்கம் சாயாமல் ஒரு கயிறு. எது வேண்டுமோ அதை மட்டும் பக்கவாட்டில் சர்ரென்று உருவிக்கொள்ளலாம். ஆறு பேர் செய்த வேலையை ஒரே ஆள் செய்தார். நாங்கள் வாயைப் பிளந்தோம். பிறகு ஸ்டாண்டுக்குள் கையை விட்ட மயில்சாமி ஒரு வெள்ளை உருண்டையை எடுத்து மோந்து பார்த்தான்.

"ஏனுங்க ராவுத்தரே, தகரத்தை எந்தப் பூச்சிங்க திங்கும்?"

"திங்காதுங்க."

"அப்பறம் எதுக்குங்க அந்துருண்டை?"

"அடுக்குல சரக்கு இருந்தா உருண்டை இருக்கோணுமுங்க தம்பி. அதான் மொறை."

வெட்டி மிஞ்சிய துண்டுகளுக்குத் தனியாக ஒரு தட்டு வைத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ரவிக்கைத் துண்டு. அதிலிருந்து புனலும் சிமினி விளக்கும் பண்ணினோம். அவரால் அந்தத் துண்டில் ஒன்றுகூட வீணாய்ப் போகவில்லை.

ஆனால் கடைப் பழக்கம் லேசில் போகுமா? ஒரு மார்கழி மாதம் பெருமாட்டியிலிருந்து ஒரு விவசாயி நெல் டிரம் செய்யச் சொல்லி வந்தார். ராவுத்தர் மெல்லிசான ஷீட் ஒன்றை உருவி, "உள்ள வெச்சுப் பாத்தா தெரியாதுங்க, வெளிச்சத்துல பாருங்க" என்று இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி வாசலுக்குக் கொண்டுபோனார். எங்கள் பக்கத்து மார்கழிக் காற்று எப்படிப்பட்டது என்று தெரிந்தவன் குடையைக்கூட வெளியே எடுக்க மாட்டான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த காற்று ஷீட்டைப் பிடித்தது. ஷீட் ராவுத்தரைப் பிடித்தது. இரண்டும் சேர்ந்து ரோட்டைத் தாண்டி எதிர்த் தென்னந்தோப்புக்குள் ஓடின.

"விட்ருங்க ராவுத்தரே! கையை விட்ருங்க!" என்று நாங்கள் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினோம்.

"கசங்கிருமுங்க!" என்ற பதில் மட்டும் தோப்புக்குள்ளிருந்து வந்தது.

மூன்றாவது தென்னைமரம் நிறுத்தியது. ஷீட்டில் ஒரு நெளிவு கிடையாது. ராவுத்தருக்குத்தான் முழங்கை இரண்டும் சிராய்ப்பு. பெருமாட்டிக்காரர் நிதானமாக நடந்து வந்து பார்த்துவிட்டு, "தகரம் கெட்டியாத்தான் இருக்குது. ரெண்டு டிரம்மாவே போட்ருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். அடுத்த வருஷம் இடுக்கி எஸ்டேட்டுக்காரர்கள், புகைக்குழாய் மொத்தத்தையும் ஏலக்காய் பறிப்புக்கு முன்னால் கொடுக்க முடியுமா, இல்லையென்றால் கோயம்புத்தூரில் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிவிட்டார்கள். கையால் மடித்தால் ஆகாது, மடிக்கிற மிஷின் வேண்டும். கவுண்டர் மிஷினுக்குச் சொல்லிவிட்டார். மிஷினுக்கு இடம்? பட்டறையைச் சுற்றிச் சுற்றி வந்து அளந்தார். கடைசியில் ராவுத்தரின் ஸ்டாண்டு முன்னால் வந்து நின்றார். ஸ்டாண்டு எட்டடி. ஷீட்டை உருவ அதன் பக்கத்தில் இன்னொரு எட்டடி.

"திங்கக்கெழம மிஷின் வருதுங்க ராவுத்தரே" என்றார், முகத்தைப் பார்க்காமல். "ஸ்டாண்டைப் பிரிச்சரலாமுங்க. ஷீட்டைப் பழையபடி எங்கயாச்சும் படுக்கப் போட்டுக்கலாம்."

ராவுத்தர், "சரிங்க மொதலாளி" என்றார்.

ஸ்டாண்டு போனால் குவியலைக் காக்க எதற்கு ஒரு ஆள்? அண்ணன் கடைப்படி ஏற முடியாது. சாயம் போகும் என்று சொன்னவரை வேறு எந்த ஜவுளிக்கடை வைத்துக்கொள்ளும்? வீட்டில் அவர் சம்பாத்தியத்தை நம்பி மனைவி கதீஜா பீவி. மயில்சாமி அன்றைக்கு முழுக்க என்னிடம் ஒரு சண்டைகூடப் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராவுத்தர் பட்டறைச் சாவியை வாங்கிக்கொண்டு போனார். திங்கட்கிழமை காலையில் நாங்கள் வந்து பார்த்தால் நடுப்பட்டறை காலியாகக் கிடக்கிறது. ஸ்டாண்டைக் காணோம் என்று பதறித் திரும்பினால், மேற்குச் சுவரை ஒட்டி நிற்கிறது. பிரித்து, ஒடுக்கமாக்கி, சட்டத்தை மாற்றி அடித்திருக்கிறார். ஒவ்வொரு ஷீட்டாகத் தனி ஆளாய் நகர்த்தியிருக்கிறார். உருவுகிற ஷீட் நேராக மிஷின் வரப்போகிற இடத்துக்குப் போகும்படி கணக்குப் பண்ணி நிறுத்தியிருக்கிறார். தூக்கவும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம்.

லாரி வந்து மிஷினை இறக்கியதும் கவுண்டர் ஷீட் ஒன்றை உருவிப் பார்த்தார். அது வழுக்கிக்கொண்டு போய் மிஷின் வாயில் உட்கார்ந்தது. "அட, அட, அடடா!" என்று குழந்தை மாதிரி நாலு தடவை உருவினார். எல்லோரும் சிரித்தோம். மேற்குச் சுவரோரம் அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று எங்கள் மரமண்டைக்கு ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். ராவுத்தரைக் காணோம். கை கழுவப் பின்பக்கம் போன கவுண்டர் அப்படியே நின்றுவிட்டார். என்னவென்று நானும் போய் எட்டிப் பார்த்தேன்.

கிணற்றுக்கு அந்தப் பக்கம், உச்சி வெயிலில், புழுதிக்காற்றில் ராவுத்தர் தொழுதுகொண்டிருந்தார். பாய் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் கல். மேற்குச் சுவரோரத்து மூன்று முழ இடத்தில்தான் அவர் தினமும் பாய் விரிப்பார். அந்த இடத்தைத்தான் ஷீட்டுக்குக் கொடுத்திருக்கிறார். அவர் குனிந்தபோது காற்று தலையிலிருந்த தொப்பியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அவர் அசையவில்லை. கவுண்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அத்தனை பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு, கடலைக்காட்டுக்குள் தொப்பியின் பின்னால் ஓடினார்.

தொழுகை முடியும்வரை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார். மண்ணைத் தட்டினார். மறுபடியும் தட்டினார்.

"ஏனுங்க ராவுத்தரே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?"

"ஷீட்டு வெளிய கெடந்தா கெட்டுப் போயிருமுங்க மொதலாளி" என்றார் ராவுத்தர். "எனக்கு எங்க விரிச்சாலும் ஒண்ணுதானுங்க."

கவுண்டர் விறுவிறுவென்று உள்ளே போனார். பட்டறை மூலையில் பலகை வைத்துத் தடுத்த அறை ஒன்று அவருக்கு உண்டு. சீமைக்குக் கிளம்பிப் போன ஒரு எஸ்டேட் துரையிடம் வாங்கிய சுழல் நாற்காலி அதில் இருந்தது. எங்களைத் தொடக்கூட விடமாட்டார், எண்ணெயும் அவரே போடுவார். அந்த நாற்காலியை அவரே இழுத்துக்கொண்டு வந்து வெளியே ஒரு மூலையில் தள்ளினார். மேஜையை என்னையும் மயில்சாமியையும் தூக்கச் சொன்னார். கடைசியாக, சுவரிலிருந்த முருகன் படத்தைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து மிஷினுக்கு மேலே மாட்டினார். அறையைத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னார். பிறகு ராவுத்தரைக் கூப்பிட்டார்.

"நாளையிலிருந்து இங்க விரிங்க."

ராவுத்தர் வாசலிலேயே நின்றார். காலை உள்ளே வைக்கவில்லை.

"நீங்க எங்க உக்காருவீங்க மொதலாளி?"

கவுண்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "உங்க பக்கத்துல ஒரு முக்காலி போட்டா ஆகாதுங்களா?" என்றார்.

ராவுத்தர் ஓட்டமும் நடையுமாகப் போய் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தோள் துண்டால் இரண்டு தடவை துடைத்து ஸ்டாண்டு பக்கத்தில் போட்டார். நானும் மயில்சாமியும் ஏதோ பெரிய வேலையில் இருப்பவர்கள் போலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். ராவுத்தரே, உங்களை எங்களுக்கு ரொம்பப் பிடிக்குமுங்க. அதை அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும்.