ஆறு பென் டிரைவ்களின் சொந்தக்காரர்

வெர்ஷன் பார்ப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பதினோரு வயதான லேப்டாப் ஒன்று இவர்கள் வீட்டில் கட்டாயம் இருக்கும். அதன் பேட்டரி எப்போதோ உயிரை விட்டிருக்கும், மூடியின் ஒரு பக்கம் ரப்பர் பேண்டின் தயவில் நிற்கும், உள்ளே விசிறி மிக்ஸி மாதிரி இரையும். தூக்கிப் போடுவார்களா? மாட்டார்கள். புதிதாக ஒன்று வாங்குவார்களா? பேச்சே கிடையாது. இவர்கள் கவலையெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: இந்தக் கிழத்தை ஓட்ட ஆபரேட்டிங் சிஸ்டத்தில் பழைய வெர்ஷனைப் போடுவதா, புதிய வெர்ஷனைப் போடுவதா?

நம் கண்ணாடிக்கடைக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்களின் கண் முன்னால் லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்பது அவர் தொழில். அவர்களும் "முதல்ல வெச்சதுதான் சார்" என்று அரை நிமிடத்தில் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். யாராவது மூன்றாம் முறை மாற்றிக் காட்டச் சொன்னால் அவருக்குப் பொறுமை போய்விடும். "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அதே மனிதர் வீட்டில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஏழு மாதமாகிறது. இன்னும் முடிவு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் சோதனை நாள். போனில் ஸ்டாப்வாட்ச், மடியில் நோட்டு, காதருகே பென்சில். பழையது நாற்பத்தெட்டு வினாடியில் எழுந்துகொள்கிறது. ஆனால் அதற்குப் பாதுகாப்பு இல்லை, கம்பெனியே கைகழுவிவிட்டது. புதியதில் பாதுகாப்புக்குக் குறைவில்லை. எழுந்திருக்க மட்டும் நாலரை நிமிடம் ஆகும், திருட வருகிறவனும் காத்திருந்து அலுத்துப்போய்த் திரும்பிவிடுவான். ஆகவே ஒரு வாரம் பழையது, மறுவாரம் புதியது. ஒவ்வொரு முறையும் லேப்டாப்பை அடியோடு துடைத்துவிட்டுப் போட வேண்டும். போட்டு முடித்ததும் நோட்டை மூடிவிட்டு, "ஒரு வாரம் பாக்கலாம்" என்பார்.

பென் டிரைவ்கள் ஐந்து. ஒவ்வொன்றிலும் ஒரு வெர்ஷன், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: 'பழையது', 'புதியது', 'பழையதில் நல்லது', 'புதியதில் லேசானது', 'கடைசி'. ஆறாவது அவர் மனைவியுடையது. மனைவி கணக்கு டீச்சர். அதில் அவருடைய எட்டுச் சான்றிதழ்களின் ஸ்கேன் இருந்தது. பதினேழு வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவருக்கு, தலைமையாசிரியை பதவிக்கு மனுப் போட முதல் தடவையாக வாய்ப்பு வந்திருந்தது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆன்லைனில் அனுப்ப வேண்டும்.

சனிக்கிழமை மதியம் டீச்சர் லேப்டாப்பைத் திறந்தார். அது பழைய வெர்ஷன் வாரம்.

"என்னங்க, இந்தப் பக்கம் திறக்கவே மாட்டேங்குது. 'பழைய பிரவுசர்'னு சொல்லுது."

கண்ணாடிக்கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஏழு மாதமாகக் காத்திருந்த காரணம் கிடைத்துவிட்டது. "நான் சொல்லல? புதுசுதான் சரி. அரை மணி நேரம் குடு."

அரை மணி நேரம் ஒன்றரை மணி நேரமானது. ஆனால் புதிய வெர்ஷன் வந்துவிட்டது, பக்கமும் திறந்தது. டீச்சர் பெயர், வயது, அனுபவம் எல்லாம் நிரப்பிவிட்டுக் கையை நீட்டினார்.

"என் பென் டிரைவைக் குடுங்க."

கொடுத்தார். டீச்சர் செருகினார். அதற்குள் இருந்தது, வேறென்ன, ஒரு வெர்ஷன்.

"இதுல என் சான்றிதழ் இருந்துச்சே?"

"திங்கக்கிழமை ஒண்ணு எறக்கினேன். அதுக்கு இடம் பத்தல. அதனால உன்னுதையெல்லாம் பத்திரமா..."

"பத்திரமா?"

"லேப்டாப்புல போட்டு வெச்சேன்."

அந்த லேப்டாப்பைத்தான் இப்போது, தம் கையாலேயே, துடைத்து எடுத்திருந்தார். டீச்சர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. பீரோவைத் திறந்து, அசல் சான்றிதழ்கள் இருந்த ஃபைலை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். மணி நாலு. அவர் வெட்கத்தோடு பின்னாலேயே போனார்.

தெருமுனை ஜெராக்ஸ் கடையில் இருந்த கம்ப்யூட்டருக்கு வயது இவர்கள் லேப்டாப்பைவிட அதிகம் இருக்கும். கீபோர்டில் பாதி எழுத்து தேய்ந்துபோயிருந்தது. கடைக்காரப் பெண் எட்டுச் சான்றிதழ்களையும் ஸ்கேன் பண்ணினார், பக்கத்தைத் திறந்தார், ஏற்றினார், அனுப்பினார். நாலே முக்கால். ரசீது வெளியே வந்தது. டீச்சர் அதை வாங்கி முதல் தடவையாக மூச்சு விட்டார்.

அந்த நேரத்தில் கணவர் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் இவ்வளவு பழைய மெஷின், இவ்வளவு வேகம், அந்தப் பக்கமும் திறக்கிறது! குனிந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல எந்த வெர்ஷன் போட்டிருக்கீங்க?"

"யாருக்கு சார் தெரியும்? காலையில போடுவேன், சாயங்காலம் நிறுத்துவேன்."

டீச்சர் திரும்பினார். ரசீதை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

"இது தெளிவா இருக்கா?"

"இருக்கு" என்றார், சின்னக் குரலில்.

"அப்ப வீட்டுக்கு வாங்க."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் எந்த வெர்ஷன்தான் இருந்தது, கடைசிவரை சொல்லவே இல்லையே என்று உங்கள் மனசை ஏதாவது அரித்தால், தயவுசெய்து இதை இப்படியே வைத்துவிட்டு, உங்கள் வீட்டுச் சான்றிதழ்கள் எந்தப் பென் டிரைவில் இருக்கின்றன என்று ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.